குளிர்காலத்தில் மலைப்பாதைக்குத் திரும்புவது: பந்தயத்துக்குப் பத்து வாரம் இருக்கிறது

ஈரத்தடம்

எல்லோருக்கும் வணக்கம். கெண்டைக்கால் தசை கிழிந்ததால் இலையுதிர் காலம் முழுக்க ஓடவே இல்லை. இப்போது பிசியோதெரபிஸ்ட் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தும் பயிற்சியை இரண்டு காலிலும் ஒரே எண்ணிக்கையில் வலியில்லாமல் செய்ய முடிகிறது. சமதளத்தில் நாற்பது நிமிடம் மெதுவாக ஓடிப் பார்த்தேன், மறுநாள் காலையிலும் கால் அமைதியாகவே இருந்தது.

காயத்துக்கு முன்பே பதிவு செய்த பந்தயங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது இன்னும் பத்து வாரத்தில், 25 கி.மீ., 1,100 மீட்டர் ஏற்றம். அதற்கு ஆறு வாரம் கழித்து 50 கி.மீ., 2,400 மீட்டர் ஏற்றம், அதற்கு 11 மணி நேர வரம்பு.

வெளியே நிலைமை இதுதான்: மேல்பாதையில் பனி, நிழல் விழும் இடங்களில் கண்ணாடி மாதிரி உறைபனி, கீழே சேறு. வார நாட்களில் வெளிச்சம் இருக்கும்போது ஓட வழியே இல்லை. பழைய வேகத்தோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இருக்கிறேன். ஆனாலும் முதல் நாள் காட்டுக்குள் கால் வைத்தபோது வந்த சந்தோஷத்தை எழுதித் தீர்க்க முடியாது. இதை மறுபடி இழக்கக் கூடாது. எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? இறக்கங்களை எப்போது தொடங்குவது? 50 கி.மீ.யை இப்போதே விட்டுவிடுவதா?

மேட்டுநிலம்

வரவேற்கிறோம் நண்பரே. வேகத்தை முதலில் மறந்துவிடுங்கள். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை முழுக்க நிறுத்தியபோது அவர்களுடைய உச்ச ஆக்ஸிஜன் பயன்பாடு மூன்று வாரத்தில் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்தது. அதற்குப் பிறகு அங்கேயே நின்றுவிட்டது. முதலில் சுருங்குவது ரத்த நீரின் அளவு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், பழைய வேகத்துக்கு இப்போது அதிகத் துடிப்பு தேவைப்படுகிறது. நீங்கள் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பகுதி இதுதான். சீக்கிரம் இறங்கியது சீக்கிரமே திரும்பியும் வரும்.

எலும்பும் தசைநாணும் அப்படி இல்லை. அவை பழகுவதற்கு மாதங்கள் ஆகும். அதனால் ஓடத் தொடங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சு சீராகி, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று தோன்றும். நான் பயப்படுவது அந்த வாரங்களைத்தான். நுரையீரல் கூப்பிடும், கால் இன்னும் தயாராகியிருக்காது. எங்கள் குழுவில் கெண்டைக்கால் காயம் திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் மாட்டினார்கள்.

குளிர்காலத்தில் தூரத்தைக் கணக்கில் வைக்காதீர்கள். பனியிலும் சேற்றிலும் 8 கி.மீ. என்பது உலர்ந்த பாதையின் 11 கி.மீ.க்குச் சமமாக இருக்கும் நாட்கள் உண்டு. நிமிடத்தை எண்ணுங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவு, அவ்வளவுதான்.

கருங்கல்

வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். பழைய விதி, ஆனால் வேலை செய்யும். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

மேட்டுநிலம்

கருங்கல் அண்ணா, அந்த விதிக்கு அடியில் உறுதியான ஆதாரம் இல்லை. 2008-இல் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். வாரம் சுமார் பத்து சதவீதம் கூட்டியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காய விகிதத்தில் வேறுபாடு இல்லை. 2025-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதிலும் வாரத்துக்கு வாரம் எவ்வளவு கூடியது என்பதற்கும் காயத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்த இடம் வேறு: முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் தாண்டியவர்களுக்குக் காயம் கூடியது.

அதாவது கவனிக்க வேண்டியது வார மொத்தத்தை அல்ல, ஒற்றை ஓட்டத்தை. ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்துவிட்டது, நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்று திடீரென்று இரண்டு மடங்கு போகிறோமே, அந்த ஓட்டத்தை.

கருங்கல்

சரி, அந்த ஆய்வை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போடுவோம். அவருடைய நீண்ட ஓட்டம் இப்போது 40 நிமிடம். வாரம் ஒருமுறை பத்து சதவீதம் நீட்டினால் ஒன்பது வாரம் கழித்து 94 நிமிடத்தில் நிற்பார். 1,100 மீட்டர் ஏற்றம் உள்ள 25 கி.மீ. அவருக்கு நாலு மணி நேரத்தை ஒட்டி ஆகும். 94 நிமிடம் ஓடியவரை நாலு மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்புவீர்களா? கால்தான் தயாராகியிருக்காது என்று நீங்களே சொன்னீர்கள்.

மேட்டுநிலம்

நியாயமான கேள்வி. மலைப்பாதையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: நடை. அந்த ஆய்வு அளந்தது ஓட்டத்தை. செங்குத்தான ஏற்றத்தில் வேகமாக நடப்பது இதயத்துக்கு நல்ல வேலை கொடுக்கும், ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரையிலிருந்து வரும் அதிர்வு இதில் கிடையாது. பந்தயத்திலும் அவர் பெரும்பாலான ஏற்றங்களை நடந்துதான் ஏறப்போகிறார். எனவே வார இறுதியில் இரண்டரை மணி நேரம் வெளியே இருக்கட்டும், அதில் ஓட்டம் ஒரு மணி நேரம் மட்டும். வாரா வாரம் நடையின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமாக மாற்றட்டும். ஒரு எச்சரிக்கை: ஏற்றத்தில் கெண்டைக்காலுக்கு இழுவை அதிகம், அவருக்குக் காயம் பட்டதும் அங்கேதான். முதல் மூன்று வாரம் மிதமான சரிவுகளே போதும். குதிகாலைத் தரையில் பதித்து, சின்ன அடியாக வைத்து ஏறட்டும்.

வார நடுவில் ஒரு ஓட்டத்தையும் மெதுவாக நீட்டலாம். நீட்டும் வாய்ப்பு வாரத்துக்கு ஒன்று என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நாலாவது வாரம் எல்லாவற்றையும் குறைத்து உடம்புக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும்.

கருங்கல்

நடையைச் சேர்த்தால் கணக்கு ஒத்துவருகிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

பாறைவழி

இறக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. மலைப்பந்தயத்தில் கால் தளர்வது ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துப் படிக்கட்டு இறங்க முடியாத வலி வருவது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், ஆற்றல் செலவு இறக்கத்தில்தான் குறைவு. 2002-இல் வெளியான சரிவு ஓட்ட அளவீடுகளின்படி சுமார் 20 சதவீத இறக்கத்தில் ஓடும்போது ஆற்றல் செலவு மிகக் குறைவாக இருக்கிறது, அதைவிடச் செங்குத்தானால் மறுபடி ஏறுகிறது. மூச்சு எளிதாக இருப்பதால் தொடை படும் பாடு தெரியவே தெரியாது.

இதற்கு உடம்பே ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. ஒருமுறை அளவான இறக்கத்தை ஓடிவிட்டால், அடுத்த முறை அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். அதனால் தினமும் இறக்கம் ஓட வேண்டியதில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை போதும், ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். உங்கள் இரண்டாவது வாரத்திலேயே ஐந்து நிமிட மிதமான இறக்கம். மூன்று வாரம் போன பிறகு பத்து நிமிடம். பந்தயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் கடைசியாக ஒரு நல்ல இறக்கம்.

அப்புறம், உறைபனியில் இறக்கப் பயிற்சி வேண்டாம். வழுக்குமோ என்ற பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பீர்கள், குதிகாலை ஊன்றி நிறுத்துவீர்கள். அந்தப் பழக்கம் உலர்ந்த பாதையிலும் ஒட்டிக்கொள்ளும். மிதித்து இறுகாத மென்பனி கிடைத்தால் அதுதான் சிறந்த இடம். அடி மெத்தென்று விழும், தைரியமாக முன்னால் சாயலாம். பனிக்கு அடியில் கல் இருக்கிறதா என்று தெரிந்த பாதையில் மட்டும்.

ஈரத்தடம்

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு மிக்க நன்றி. இன்று ஐந்து நிமிட இறக்கம் செய்தேன். தொடை லேசாகப் பிடித்திருக்கிறது, கெண்டைக்காலில் ஒன்றும் இல்லை.

ஒரு சந்தேகம். மெதுவாகத்தான் ஓடினேன், பேச முடிந்தது, ஆனால் கைக்கடிகாரம் துடிப்பை 178 என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் 110. பயந்துவிட்டேன். குளிர் மைனஸ் 6 இருந்தது.

நெடுந்தூரம்

பெரும்பாலும் கடிகாரம்தான். மணிக்கட்டில் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தை ஒளியால் படித்துத்தான் அது துடிப்பைக் கணிக்கிறது. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், படிக்க ஒன்றும் கிடைக்காது. சில நேரம் கால் விழும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170, 180 அடி வைக்கிறீர்கள் என்றால் எண் எங்கிருந்து வந்தது என்று புரியும். மார்பில் கட்டும் பட்டை குளிரில் நம்பகமானது, முதலில் அதன் உட்பக்கத்தைக் கொஞ்சம் ஈரப்படுத்துங்கள். மயக்கம், நெஞ்சு இறுக்கம், படபடப்பு ஏதாவது கூட வந்திருந்தால் மட்டும் கடிகாரத்தைக் குறை சொல்லாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஈரத்தடம்

அப்படி எதுவும் இல்லை. பட்டை பழையது ஒன்று இருக்கிறது, எடுத்துக் கட்டுகிறேன்.

விடியல்முன்

நான் வருடம் முழுக்க இருட்டில்தான் ஓடுகிறேன், அதனால் உடையும் விளக்கும் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியே நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். குளிர்காலத்தில் வியர்வைதான் எதிரி, காற்று அடுத்ததுதான். வெப்பநிலை உண்மையில் இருப்பதைவிடச் சுமார் பத்து டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துங்கள். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. பருத்தி மட்டும் கூடாது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதன்மேல் காற்று புகாத மெல்லிய சட்டை. ஏறும்போது சட்டையின் ஜிப்பைத் திறவுங்கள், முகட்டை அடைவதற்கு முன்பே மூடுங்கள். முகட்டில் காற்று அடித்த பிறகு மூடலாம் என்றால் விரல் அதற்குள் மரத்திருக்கும். விரல் தனித்தனியாக உள்ள கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் உறை நன்றாகச் சூடு காக்கும். காய்ந்த கையுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

காற்றை மறக்காதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையக்கூடும். அப்படிப்பட்ட நாளில் முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக ஓடுங்கள், வியர்த்த பிறகு திரும்பி வரும்போது காற்று முதுகில் இருக்கட்டும்.

தண்ணீர்: பையிலிருந்து வரும் குழாய்தான் முதலில் உறையும். ஒவ்வொரு முறை குடித்ததும் குழாய்க்குள் ஊதி, தண்ணீரைப் பைக்குள்ளேயே தள்ளிவிடுங்கள். கடுங்குளிர் என்றால் குழாயே வேண்டாம், மென்குடுவையைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் என்றால் தலைகீழாக வையுங்கள், பனி மேல்பக்கம் பிடிக்கத் தொடங்கும், மூடி தப்பித்துவிடும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் நேரம் வைத்துக் குடியுங்கள்.

தலைவிளக்கு: லித்தியம் அயான் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். உபரி பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள், தொலைபேசியையும் அங்கேயே. மூடுபனி அல்லது பனிப்பொழிவில் நெற்றியிலிருந்து வரும் ஒளி கண்ணுக்கே திரும்பி அடித்து ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். விளக்கை இடுப்பில் கட்டுங்கள். ஒளி தாழ்வாக வருவதால் கல்லும் வேரும் நிழல் போட்டு மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும்.

தடம்_தேடி

காலுக்கு என்ன மாட்டுவது என்று குழப்பம் இருக்கும், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். சேற்றுக்கும் மென்பனிக்கும் 5, 6 மில்லிமீட்டர் ஆழமான பற்கள் உள்ள ஷூ போதும். பற்களுக்கு இடையே இடைவெளி அதிகம் இருப்பதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு அடிப்பாகமே வழவழப்பாகிவிடும். மிதிபட்டு இறுகிய பனிக்கும் உறைபனிக்கும் எந்த ரப்பரும் உதவாது, உலோகம் வேண்டும். பாதை முழுக்க உறைந்திருந்தால் ஷூவின் மேல் மாட்டும் சங்கிலி முள். பாறையும் பனியும் மாறி மாறி வந்தால் அடிப்பாகத்திலேயே கார்பைடு ஆணி பதித்த ஷூ. சங்கிலி முள்ளோடு வெறும் பாறையில் ஓடினால் முள்ளும் மழுங்கும், கணுக்காலும் புரளும்.

காலுறைக்கு இடம் வேண்டும் என்பதற்காக அரை அளவு பெரிய ஷூ எடுக்கலாம். ஷூவை இறுக்கி விரல்களுக்கு ரத்தம் போகாமல் செய்துவிட்டு எவ்வளவு தடித்த காலுறை போட்டாலும் பயன் இல்லை.

அமைதிமழை

மூச்சு பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஆஸ்துமா உண்டு. குளிர்ந்த காற்று உலர்ந்த காற்றும்கூட. வேகமாக மூச்சு இழுக்கும்போது மூச்சுக்குழாயின் ஈரம் போய் அது சுருங்குகிறது. ஓடி முடித்ததும் இருமல், மூச்சில் விசில் சத்தம் வந்தால் சும்மா விட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வாயையும் மூக்கையும் மூடி ஒரு குழல் துணி போட்டால் உள்ளே போகும் காற்று சூடும் ஈரமும் பெறும். பத்துப் பதினைந்து நிமிடம் மிக மெதுவாகத் தொடங்குவதும் உதவும். கடும் குளிர் நாளில் வேகப் பயிற்சியை உள்ளே செய்யுங்கள்.

கருங்கல்

உள்ளே என்றால் டிரெட்மில்லா? மலைப்பந்தயத்துக்குத் தயாராகிறவர் டிரெட்மில்லில் என்ன கற்றுக்கொள்வார்? பாதையில்தான் பாதையைக் கற்க முடியும். வழுக்கினாலும் வெளியே போக வேண்டும் என்பது என் கருத்து.

பாறைவழி

வழுக்கினாலும் போக வேண்டும் என்பதை, இப்போதுதான் காயத்திலிருந்து வந்தவருக்கு நான் சொல்ல மாட்டேன் அண்ணா. வழுக்கும்போது கெண்டைக்கால் திடீரென்று இழுக்கப்படும், இன்னும் முழுத் தெம்பு வராத திசுவுக்கு அதைவிட மோசமானது இல்லை. டிரெட்மில்லை 12, 15 சதவீதம் சாய்த்து முக்கால் மணி நேரம் நடந்தால் ஏற்றப் பயிற்சி சிறப்பாகவே கிடைக்கும். சாய்வைக் கெண்டைக்கால் பழகும் அளவுக்குத்தான் ஏற்ற வேண்டும். இறக்கம்தான் அங்கே கிடைக்காது.

ஸ்பெயினின் மலை ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னெட்டைப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யுடிஎம்பி என்ற நெடுந்தூரப் பந்தயத்தை 2008, 2009, 2011, 2022 என்று நாலு முறை வென்றவர். குளிர்காலத்தில் அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி பனிச்சறுக்குப் பலகையோடு மலை ஏறுவதுதான், ஓட்டம் கொஞ்சம்தான். வசந்தத்தில் ஓட்டத்துக்குத் திரும்புகிறார். இதயத்துக்கு எந்த மலை என்று தெரியாது. காலுக்குத் தெரியும், அதனால் கடைசி மாதங்களில் பாதைக்கு வர வேண்டும். அவரைப்போல் நமக்கு முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் முறை சரியானது.

கருங்கல்

காயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, அவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. காயம் இல்லாதவர்களுக்கு என் கருத்து மாறவில்லை. சேற்றிலும் ஈர வேரிலும் எங்கே கால் வைப்பது என்று கண்ணும் காலும் சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் வெளியே மட்டும்தான் வரும்.

நெடுந்தூரம்

இந்த இழையில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலைப்பந்தயம் நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். நடுவழியில் ஆலங்கட்டியும் உறையும் மழையும் சூறைக்காற்றும் வந்தன. 21 பேர் இறந்துபோனார்கள். மே மாதம். நிறையப் பேர் அரைக்கால் சட்டையிலும் மெல்லிய மேல்சட்டையிலும் இருந்தார்கள், காற்றுத்தடுப்புச் சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆடு மேய்க்கும் ஒருவர் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து காப்பாற்றினார்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கும். கணுக்கால் புரண்டு உட்கார்ந்துவிட்டால் ஈரச் சட்டையோடு சில நிமிடத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். எனவே ஒரு மணி நேர ஓட்டத்துக்கும் பையில் காற்றுத்தடுப்புச் சட்டை, அவசரகாலப் போர்வை, விசில், சார்ஜ் உள்ள தொலைபேசி. எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பேச்சு குழறினால், ஜிப்பை மூட விரல் ஒத்துழைக்காவிட்டால், அதற்கு மேல் எந்த யோசனையும் வேண்டாம், இறங்கிவிடுங்கள். கூட வருபவர் இப்படி ஆனால் அவர் சொல்வதைக் கேட்காமல் நீங்களே முடிவெடுங்கள். அந்த நிலையில் அவரால் சரியாக யோசிக்க முடியாது.

விடியல்முன்

வழிமொழிகிறேன். போர்வை ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும், பையில் இருப்பதே தெரியாது.

அமைதிமழை

வலுப் பயிற்சியையும் விடாதீர்கள் ஈரத்தடம். வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் போதும். குதிகால் உயர்த்துவதை முட்டி நேராகவும், முட்டி மடித்தும் இரண்டு விதமாகச் செய்யுங்கள். ஏற்றத்தில் அதிகம் உழைக்கும் உள்தசைக்கு மடித்துச் செய்வதுதான் போய்ச் சேரும். பையில் எடை போட்டுக்கொண்டு கூட்டிக்கொண்டே போகலாம். பிறகு படியிலிருந்து ஒற்றைக் காலில் மிக மெதுவாக இறங்குவது, இறக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே தயாராகும் வழி அது. கடினமான ஓட்டம் இருக்கும் அதே நாளில் மாலையில் செய்தால் ஓய்வு நாள் உண்மையான ஓய்வு நாளாக இருக்கும்.

ஈரத்தடம் (ஐந்து வாரம் கழித்து)

இங்கே சொன்னபடியே போய்க்கொண்டிருக்கிறேன். வார இறுதியில் ஏற்றங்களை நடந்து, மற்ற இடங்களில் ஓடி, மூன்று மணி நேரத்தைத் தொட்டுவிட்டேன். மேட்டுநிலம் சொன்ன அந்த நாலாவது வாரம் அப்படியே வந்தது. மூச்சு அவ்வளவு நன்றாக இருந்தது, வேகமாகப் போகச் சொல்லி உடம்பெல்லாம் துடித்தது. நீங்கள் முன்பே சொல்லியிருந்ததால் பிடித்து நிறுத்த முடிந்தது. இடுப்பில் விளக்கு கட்டும் யோசனை அருமை, ஈர வேர்கள் தனித்தனியாகத் தெரிகின்றன.

25 கி.மீ. முடியும் என்று இப்போது நம்புகிறேன். 50 பற்றித்தான் முடிவு வரவில்லை. அமைப்பாளர்களிடம் கேட்டேன், பந்தயத்துக்கு நாலு வாரம் முன்பு வரை குறைந்த தூரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமாம்.

மேட்டுநிலம்

அப்படியானால் இப்போது முடிவெடுக்காதீர்கள். முதல் பந்தயம் முடிந்து இரண்டு வாரம் இருக்கிறது, அதுவே சொல்லிவிடும். 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகச் சேர்த்துக்கொள்ளும் கணக்கைப் போடுங்கள். முதல் பந்தயம் 25-உம் 11-உம் சேர்ந்து 36. இரண்டாவது 50-உம் 24-உம் சேர்ந்து 74. முதலாவதை நாலரை மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 8. இரட்டிப்புத் தூரத்தில் அந்த வேகம் நிற்காது, 15 சதவீதம் குறைத்து மணிக்கு 6.8 என்று வைத்தால் 10 மணி 53 நிமிடம் ஆகும். 11 மணி நேர வரம்பில் ஏழு நிமிடம் மிச்சம், ஷூவில் புகுந்த கல்லை எடுக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். நாலே கால் மணி நேரத்துக்குள் முடித்தால் அதே கணக்கில் பத்தேகால் மணி நேரத்தை ஒட்டி வருவீர்கள். அது ஓடக்கூடிய பந்தயம்.

பாறைவழி

நேரத்தோடு இன்னொன்றையும் பாருங்கள். பந்தயம் முடிந்து நாலாவது நாள் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடிகிறதா, கெண்டைக்கால் காலையில் விறைப்பில்லாமல் இருக்கிறதா? இரண்டும் சரி என்றால் 50-க்கு என் ஓட்டு. இடையில் இருப்பது ஆறு வாரம்தான். முதல் வாரம் ஓய்வு, கடைசி இரண்டு வாரம் குறைப்பு, மிச்சம் மூன்று வாரத்தில் புதிதாக எதையும் கட்ட முடியாது. முதல் பந்தயத்தின் கால்தான் இரண்டாவதையும் ஓட வேண்டும்.

கருங்கல்

நான் இதில் பாறைவழியைவிடக் கண்டிப்பானவன். கிழிந்த தசை கட்டிய அதே பருவத்தில் 50 வேண்டாம் என்பேன். அடுத்த குளிர்காலத்துக்கு ஒரு முழு வருடம் இருக்கிறது. ஆனால் மாற்றிக்கொள்ள நாள் இருப்பதால் சண்டை போடவில்லை.

ஈரத்தடம்

கணக்கைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். நாலே கால், படிக்கட்டு, காலை விறைப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் தூரத்தைக் குறைத்துக்கொள்வேன். அப்படி நடந்தாலும் வருத்தம் இருக்காது, மலையில் ஓடப்போகிறேன் என்பதே எனக்குப் பெரிது.

கடைசியாக ஒரு கேள்வி: பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் எவ்வளவு குறைப்பது? முழுக்க நிறுத்தினால் கால் மந்தமாகிவிடுமோ என்று இருக்கிறது.

நெடுந்தூரம்

நிறுத்த வேண்டாம். 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இரண்டு வாரம் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் வாரத்தில் ஓடும் நாட்களையும் அப்படியே வைத்திருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது. நாலு நாள் ஓடுகிறீர்கள் என்றால் நாலு நாளும் போங்கள், ஒவ்வொன்றையும் பாதியாக்குங்கள். அதில் ஒரு நாள் ஏற்றத்தில் ஒரு நிமிட வேக ஓட்டங்கள் நாலைந்து இருக்கட்டும். பாறைவழி சொன்ன கடைசி இறக்கத்தை இந்த இரண்டு வாரத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு வேண்டாம். வலுப் பயிற்சியைக் கடைசி வாரம் விட்டுவிடலாம். புது ஷூ, புதுக் காலுறை எதையும் அந்த வாரத்தில் தொடாதீர்கள். பந்தயத்தன்று பாதை உறைந்திருக்குமா, சேறாக இருக்குமா என்பது இரண்டு நாள் முன்புதான் தெரியும். சங்கிலி முள், ஆணி ஷூ இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், அங்கே பார்த்து முடிவு செய்யுங்கள்.